எந்த எலும்பில் சோதித்தீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்சியம் பாஸ்பேட்டால் ஆன செயற்கை எலும்புப் பொருளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். எலும்பில் உண்டாகும் பள்ளத்தை அந்தப் பொருளால் நிரப்பினால் நாளடைவில் அது கரைந்து, அதன் இடத்தில் சொந்த எலும்பே வளர்ந்துவிடும் என்றும், ஆகவே முதுமையில் எலும்பு நொறுங்கி அவதிப்படுவோருக்கு இது பெரிய வரப்பிரசாதம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. முதற்பகுதியில் எனக்கு மறுப்பில்லை. ‘ஆகவே’ என்று தொடங்கும் இரண்டாம் பகுதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேதியியல் கற்பித்தவன் என்ற முறையிலும், இடுப்பெலும்பு முறிந்த தாயைக் கடைசிவரை உடனிருந்து கவனித்தவன் என்ற முறையிலும் இதுபற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

அந்தப் பொருள் முயலின் எலும்பில் நல்ல பலன் தந்ததாகச் செய்தி கூறியது. நோயற்ற இளம் முயலின் எலும்பில் துளையிட்டு நிரப்பினால், அந்தத் துளையைச் சுற்றி இருப்பது வளரும் துடிப்புள்ள எலும்பு. எழுபது வயதுப் பெண்ணின் இடுப்பில் அப்படிப்பட்ட எலும்பு இல்லை. நிரப்பும் பொருளை ஆராய்வதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது, அது போய் உட்காரப்போகும் எலும்பை ஆராய்வதிலும் காட்ட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கருத்து.

ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களுக்கு நான் செய்துகாட்டி வந்த சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவிலான இரண்டு கோழிக்கால் எலும்புகளை எடுத்து, ஒன்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நாட்கள் ஊறப் போடுவேன். மற்றொன்றைக் கரி அடுப்பில் வெளுத்துப் போகும்வரை சுடுவேன். அமிலத்தில் ஊறிய எலும்பிலிருந்து கால்சியம் பாஸ்பேட் கரைந்து போய்விடும். மிஞ்சியிருப்பது கொலாஜன் என்ற புரதம்தான். அதை ரப்பரைப்போல வளைக்கலாம், மெல்லியதாக இருந்தால் முடிச்சே போடலாம். நெருப்பில் சுட்ட எலும்பில் கொலாஜன் எரிந்துபோய்க் கனிமம் மட்டும் நிற்கும். பார்வைக்கு அது எலும்பாகவே இருக்கும், வடிவம்கூட மாறியிருக்காது. ஆனால் இரண்டு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் விபூதியைப்போல உதிர்ந்துவிடும். உதிர்ந்த அந்த வெள்ளைப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, “கால்சியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது, பிறகு ஏன் நிற்கவில்லை?” என்று மாணவர்களைக் கேட்பேன். நொறுங்கும் எலும்பைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி அது.

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அது ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை 1926-ஆம் ஆண்டிலேயே எக்ஸ்-கதிர்ச் சோதனையின் மூலம் டி யோங் என்பவர் காட்டிவிட்டார். பாடப்புத்தக வாய்பாட்டின்படி அதில் பத்துக் கால்சியத்துக்கு ஆறு பாஸ்பேட், இரண்டு ஹைட்ராக்சில் என்ற கணக்கு இருக்கும். நம் உடம்பில் உள்ளது அவ்வளவு தூய்மையானதன்று; கார்பனேட் கலந்தது, சில நானோமீட்டர் தடிப்பே உள்ள நுண்படிகங்களாகக் கொலாஜன் இழைகளுக்கு உள்ளேயும் இடையிலேயும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பது. கனிமம் அழுத்தத்தைத் தாங்குகிறது; கொலாஜன் இழுவையைத் தாங்குகிறது. இந்த இரண்டும் பின்னிக்கிடக்கும் நெசவில்தான் எலும்பின் வலிமை இருக்கிறது.

கொலாஜனின் கட்டமைப்பைக் கண்டறிந்த பெருமை சென்னைக்கு உரியது என்பதை இவ்விடத்தில் நினைவுகூராமல் கடக்க மனம் வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்-கதிரில் படமெடுத்து ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்ற கருத்தை 1954-இல் வெளியிட்டார்கள். அந்தக் கயிற்றில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமே இருக்க முடியும், ஏனெனில் முறுக்கின் உட்புறத்தில் வேறெதற்கும் இடம் இல்லை. பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் குழந்தைகள் பலரிடம், இந்தக் கிளைசின்களில் ஒன்றே ஒன்றுதான் வேறொன்றாக மாறியிருக்கிறது. அந்த ஒரு பிசகினால் கயிறு சரியாக முறுக்கிக்கொள்வதில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் தொடையெலும்பு முறிகிறது. அக்குழந்தையின் எலும்பில் கனிமம் குறைவாகப் படிவதும் இல்லை. இயல்பைவிட நெருக்கமாகவே படிந்திருக்கும். கனிமத்தை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே குறையே தெரியாது.

எங்கள் மாவட்டத்து எலும்பின் கதை வேறு. இந்தியாவில் மக்களிடையே பரவலாகக் காணப்படும் புளூரைடு எலும்பு நோயை முதன்முதலில் பதிவுசெய்தது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியைப் பற்றி ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புளூரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களை அடையாளம் காண மருத்துவர் தேவையில்லை. வாய் திறந்து சிரித்தால் போதும். என் வகுப்புகளில் முன்பல்லில் பழுப்புக் கோடு இல்லாத மாணவர்களை எண்ணிவிடக்கூடிய ஆண்டுகள் இருந்தன. கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசும் பழக்கம் பெண் பிள்ளைகளிடம் அதிகம். அவர்களுடைய தாத்தா பாட்டிகளில் சிலருக்குக் கழுத்தைத் திருப்பவே முடியாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புவார்கள். ஹைட்ராக்சில் இருக்க வேண்டிய இடத்தில் புளூரைடு புகுந்துகொள்வதால் படிகம் இன்னும் கெட்டிப்படுகிறது, எக்ஸ்ரேயில் அந்த எலும்பு இயல்பைவிட வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரிகிறது. அத்தனை அடர்த்தியும் இருந்தும் அது எளிதில் உடையக்கூடிய எலும்பு.

இதை அறியாமல் அல்ல, அறிந்தும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் மேலை மருத்துவம் ஒரு காலத்தில் புளூரைடையே, முதுமையில் எலும்பு மெலிந்து முறியும் எலும்புப்புரை நோய்க்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தது. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மாதவிடாய் நின்ற 202 பெண்களை இரு பிரிவாகப் பிரித்து, எல்லாருக்கும் கால்சியம் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் நாள்தோறும் 75 மில்லிகிராம் சோடியம் புளூரைடும் நான்கு ஆண்டுகள் கொடுத்தார்கள். புளூரைடு உண்டவர்களின் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. அளவைப் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டியவர்கள் முறிவுகளை எண்ணியபோது, முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மற்ற இடங்களில் ஏற்பட்ட முறிவுகள் புளூரைடு பெறாதவர்களிடம் 24, பெற்றவர்களிடம் 72. கருவி காட்டும் அடர்த்தியையும் எலும்பின் உறுதியையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகு காவிரி நீர் வருகிறது. ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் எலும்பில் சேர்ந்த புளூரைடு அப்படியே எங்கள் முதியவர்களிடம் இருக்கிறது.

இனி எலும்புப்புரைக்கு வருகிறேன். மூட்டுவலியையும் எலும்புப்புரையையும் ‘எலும்புத் தேய்மானம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது; இரண்டும் வேறு. எலும்புப்புரையில் கனிமம் மட்டும் கரைந்து வெளியேறுவதில்லை. கனிமமும் கொலாஜனும் சேர்ந்த முழு எலும்பே குறைகிறது. எலும்பின் உட்புறத்தில் தேன்கூடுபோல் இருக்கும் மெல்லிய சட்டங்கள் மெலிந்து, ஒன்றோடொன்று கொண்ட இணைப்பு அறுந்துபோகின்றன. எஞ்சியிருக்கும் எலும்பை எடுத்து வேதியியல் முறையில் பகுத்தால் அதில் பெரிய குறை தென்படாது. பந்தலில் கால்கள் குறைந்து, குறுக்குக் கழிகள் கழன்றுவிட்ட நிலைதான் அது. மிச்சம் நிற்கும் மூங்கில் நல்ல மூங்கிலே. கால்சியம் மாத்திரையால் மட்டும் இது சரியாகிவிடும் என்று நம்புவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

என் தாயாருக்கு 69 வயதில், துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு, பிறகு பிரித்துவிட்டு, “கை நன்றாகக் கூடிவிட்டது” என்று சொல்லி அனுப்பினார்கள். நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறதென்றால் எலும்பு மெலிந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. வேதியியல் கற்பித்த எனக்கும் தோன்றவில்லை. ஐந்து ஆண்டு கழித்து ஓர் இரவு நிலைப்படி தடுக்கி விழுந்ததில் தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. திருகாணி வைத்துப் பொருத்தினார்கள். நான்காம் மாதம் வலி திரும்பி வந்தபோது எடுத்த எக்ஸ்ரே படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக் காட்டினார் மருத்துவர்: தொடையெலும்பின் உருண்டைத் தலையை உள்ளிருந்தே துளைத்துக்கொண்டு திருகாணியின் முனை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “ஈர மண்சுவரில் அடித்த ஆணி மாதிரி, பிடிமானமே இல்லை” என்றார். கால்சியம் பாஸ்பேட் சிமெண்டைத் திருகாணியைச் சுற்றி வைத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வைக்க முடியும், ஆனால் இந்த வயதில், இவ்வளவு மெலிந்த எலும்பில் அது எவ்வளவு காலம் தாங்கும் என்று உறுதியாகச் சொல்லத் தம்மிடம் போதிய தரவு இல்லை என்றார். நேர்மையான அந்தப் பதில்தான் என்னை இந்தத் துறையைப் படிக்க வைத்தது.

எலும்புக் குழியை நிரப்பும் முயற்சி புதியதன்று. வெளியே கட்டுப்போடப் பயன்படும் அதே பாரிஸ் சாந்தை எலும்பின் உள்ளே நிரப்பிய அனுபவத்தை டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892-இல் வெளியிட்டார். 1920-இல் அமெரிக்காவின் ஆல்பீ, கால்சியம் பாஸ்பேட்டை விலங்கின் எலும்பு முறிவில் வைத்து, எலும்பு வளர்வதை அது தூண்டுகிறது என்று எழுதினார். 1980-களில் பிரௌனும் சௌவும், பல் ஆராய்ச்சியில் இருந்தபடியே, இரண்டு வகைக் கால்சியம் பாஸ்பேட் பொடிகளை நீரில் குழைத்தால் உடல் வெப்பத்திலேயே இறுகி ஹைட்ராக்சிஅபடைட்டாக மாறுவதைக் கண்டறிந்தார்கள். அழகான வேதியியல் அது. முன்பிருந்த அக்ரிலிக் சிமெண்ட் இறுகும்போது சூட்டை வெளிவிடும், எக்காலத்திலும் எலும்பாக மாறாது. இந்தச் சிமெண்டோ குளிர்ந்தே இறுகும். எலும்பைக் கரைக்கும் செல்கள் இதையும் எலும்பென்று கருதி மெல்ல அரிக்க, பின்னாலேயே எலும்பைக் கட்டும் செல்கள் வந்து புது எலும்பை இடும். நம் நாட்டிலும், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தார் ஹைட்ராக்சிஅபடைட்டோடு, எலும்போடு ஒட்டிக்கொள்ளும் உயிர்க்கண்ணாடியைச் சேர்த்து நுண்துளைப் பீங்கானை உருவாக்கியதும், ஆட்டின் தொடையெலும்பில் இத்தகைய பொருள்களைச் சோதித்ததும் மதிக்கத்தக்க பணிகள்.

ஆனால் அரிப்பதும் கட்டுவதும் சம வேகத்தில் நடக்கும் எலும்பில்தான் இந்த மாற்று ஒழுங்காக நடக்கும். எலும்புப்புரையின் அடிப்படைக் கோளாறே அரிப்பு முந்திக்கொள்வதும் கட்டுமானம் பின்தங்குவதும்தான். நிரப்பிய பொருள் கரைந்துவிட, அதன் இடத்தில் வர வேண்டிய எலும்பு வராமலே போனால் மீண்டும் குழிதான். கரையாத வகையைத் தேர்ந்தெடுத்தால், அழுத்தத்தைத் தாங்கினாலும் இழுவையிலும் சறுக்கு விசையிலும் செங்கல்லைப்போல உடையக்கூடிய பொருள் பல்லாண்டுகள் உள்ளேயே கிடக்கும். சுற்றியுள்ள மெலிந்த எலும்பு அதற்குத் தோள் கொடுக்க வேண்டும். இடம் மாறினால் ஆபத்தும் மாறும் என்பதற்குக் கசப்பான முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஒரு நிறுவனம், மணிக்கட்டு போன்ற பிற இடங்களுக்கு அனுமதி பெற்ற கால்சியம் பாஸ்பேட் சிமெண்டை, 2002-க்கும் 2004-க்கும் இடையில், முறையான அனுமதியின்றி முதியோரின் முதுகெலும்பு முறிவில் செலுத்திப் பார்க்க ஏற்பாடு செய்தது. அது இரத்தத்தோடு கலந்தால் உறைகட்டிகள் உண்டாகக்கூடும் என்பது ஆய்வகச் சோதனையில் முன்பே தெரிந்திருந்தது. மூன்று நோயாளிகள் அறுவை மேசையிலேயே இறந்தார்கள். அந்நிறுவனத்தின் உயர் அலுவலர்கள் நால்வருக்கு 2011-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பொருள் அதேதான், மணிக்கட்டில் பாதுகாப்பானது முதுகில் அவ்வாறு இல்லை.

இவற்றைச் சொல்வதால் இந்த ஆராய்ச்சியே வீண் என்று நான் கருதுவதாக நினைக்க வேண்டாம். இதில் மிகப் பெரிய நம்பிக்கை தருவது மருந்தையும் பொருளையும் இணைக்கும் முயற்சி. எலும்புப்புரைக்கு இன்று பரவலாகத் தரப்படும் பிஸ்பாஸ்பனேட் மருந்துகளின் மூலக்கதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். வெந்நீர் அண்டாவின் அடியில் உப்புப் பாறையாகப் படிவதைத் தடுக்கத் தொழிற்சாலைகளில் பயன்பட்டு வந்த பாஸ்பேட் வகைச் சேர்மங்களின் உறவினர்கள் அவை. படிகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் அந்தக் குணத்தை எலும்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1960-களில் ஹெர்பர்ட் பிளைஷ் என்ற சுவிஸ் அறிஞரின் குழு காட்டியது. மருந்து எலும்பின் கால்சியம் பாஸ்பேட்டில் ஒட்டிக்கொண்டு, அதை அரிக்க வரும் செல்லுக்குள் சென்று அதன் வேலையை அடக்குகிறது. அப்படியானால் நிரப்பும் கால்சியம் பாஸ்பேட்டிலேயே இந்த மருந்தை ஏற்றி அனுப்பினால், மெலிந்த எலும்பிலும் அரிப்பைக் கட்டுக்குள் வைத்து, கட்டுமானத்துக்கு நேரம் கொடுக்க முடியும் அல்லவா? உலகின் பல ஆய்வகங்கள் இதைத்தான் முயன்று வருகின்றன. முறிவதற்கு முன்பே தொடையெலும்பின் கழுத்தில் கால்சியம் சேர்மக் கலவையைச் செலுத்தி, ஒரு பக்க இடுப்புக்கு மட்டும் சிகிச்சை தந்து, மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் கவனித்த சிறிய ஆய்வும் நடந்திருக்கிறது. நோயுள்ள எலும்பிலேயே, அதே உடம்பின் இன்னோர் எலும்போடு ஒப்பிட்டது என்பதால் அதை நான் மதிக்கிறேன்.

நோயுள்ள எலும்பில் சோதிப்பது முடியாத காரியமன்று. சினைப்பை நீக்கப்பட்ட எலியிலும் செம்மறியாட்டிலும் எலும்பு மெலிவதைப் பயன்படுத்தி ஆராய்வது நெடுநாளைய வழக்கம். செலவும் காலமும் கூடுதல் என்பதால்தான் இளம் விலங்கோடு பலர் நின்றுவிடுகிறார்கள். இன்னும் எளிய வழி ஒன்று நம் மருத்துவமனைகளிலேயே இருக்கிறது. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் வெட்டியெடுக்கப்படும் தொடையெலும்புத் தலை, பெரும்பாலும் மருத்துவக் கழிவாகவே போகிறது. நோயாளியின் ஒப்புதல் பெற்று, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு அதைச் சேகரித்தால், திருகாணி எவ்வளவு விசையில் பிடுங்கிக்கொண்டு வருகிறது, சிமெண்ட் வைத்தபின் எவ்வளவு தாங்குகிறது என்பதை அருகிலுள்ள பொறியியல் கல்லூரியின் இழுவிசைக் கருவியிலேயே அளந்துவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இதில் முன்வந்தால், புளூரைடு ஏறிய எலும்பில் இந்தப் பொருள்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்ற தரவு நமக்குக் கிடைக்கும். கெட்டிப்பட்ட, எளிதில் கரையாத படிகம் நிறைந்த அந்த எலும்பில், எங்கோ இருக்கும் ஓர் இளம் முயலின் முடிவை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய கண்டுபிடிப்புகளை வெளியிடும்போது, அது எந்த விலங்கில், எந்த வயதில், நோயுள்ள எலும்பிலா நோயற்ற எலும்பிலா சோதிக்கப்பட்டது, எந்த இடத்து எலும்பு, எவ்வளவு காலம் கவனிக்கப்பட்டது என்ற விவரங்களை ஆராய்ச்சியாளரிடம் கேட்டு ஒரு வரியாவது சேர்த்து எழுதுங்கள். படித்துவிட்டு அப்பொருளைத் தேடி அலைபவர்கள் இடுப்பு முறிந்த பெற்றோரை வைத்துக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் நிலைமையை நான் அறிவேன்.

நலவாழ்வுத் துறையினரும் இக்கடிதத்தைப் பார்க்க நேர்ந்தால், அவர்களுக்கும் ஒன்று. ஐம்பது வயதைக் கடந்த பெண் ஒருவர் நின்ற இடத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து வந்தால், மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளுக்குள் அவருக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க எழுதிக்கொடுப்பதை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்குங்கள். புளூரைடு உள்ள ஊர்களில் அந்தக் கருவி காட்டும் அடர்த்தியை மட்டும் நம்பாமல், பல்லையும் குடித்த நீரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் தாயாரின் மணிக்கட்டு முறிந்த நாளுக்கும் இடுப்பு முறிந்த நாளுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் இருந்தன. மருந்து கொடுக்க அது போதுமான காலம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
தருமபுரி மாவட்டம்.